சந்தனம் வைத்த மூச்சுப்பெட்டி

தண்டபாணி அண்ணன் தன் சாவுச் செய்தியைக் காபி குடித்துக்கொண்டே படித்தார்.

விஜயதசமி அன்று காலை ஆறரை மணி. "திரு. தண்டபாணி அவர்கள் நேற்றிரவு 10.42 மணிக்கு இயற்கை எய்தினார். தங்கள் துயரில் பங்குகொள்கிறோம்" என்று குடும்பத்தார் எல்லோருக்கும் போன செய்தி, அவர் போனுக்கும் வந்திருந்தது. வேறு ஏதோ தண்டபாணி என்று நினைத்து, "பாவம், யாரோ" என்று இன்னொரு வாய் குடித்திருக்கிறார். கீழே பார்த்தால் அவர் வீட்டுக் கதவு எண், அவர் தெரு, கணபதி, கோயமுத்தூர்.

உடனே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் கண்ணு செலினு, நான் செத்துட்டனாமா. உனக்கு ஏதாச்சும் தகவல் வந்துச்சா?"

எனக்கும் வந்திருந்தது. நான்தான் பார்க்கவில்லை. "உங்கள் பராமரிப்பில் இருந்த ஒருவர் மறைந்தார். கருவியைக் கழுவி அடுத்தவருக்குத் தயார் செய்யவும்" என்று இருந்தது. கம்பெனிக்கு எப்போதும் அடுத்தவர் மேல்தான் அக்கறை.

என் பெயர் செலின் மேரி. ஊர் போத்தனூர். வேலை, மூச்சுப்பெட்டி கழுவுவது. குறட்டை விடுகிற பலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். அவர்கள் மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுப்பார்கள். தலைமாட்டில் இருக்கிற பெட்டி குழாய் வழியாகக் காற்றை ஊதி, தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். டாக்டர்கள் அதை சீபாப் என்பார்கள். எங்கள் ஊரில் மூச்சுப்பெட்டி என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

இது சும்மா ஊதிக்கொண்டிருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் மேலிடத்தில் யாருக்கோ யோசனை வந்தது. தூங்குகிறவரின் மூச்சை இரவெல்லாம் எண்ணுகிற பெட்டிக்கு, மூச்சு ஒரேயடியாக நின்றாலும் தெரியுமே? டாக்டரைத் தேடி, அவர் வந்து நாடி பார்த்து, கையெழுத்துப் போடுகிற அலைச்சல் எதற்கு? பெட்டியே சொல்லிவிடட்டும். மூச்சுப் பதிவுச் சட்டம் வந்தது. மூச்சுப் பதிவகம் என்று ஒரு அலுவலகமும் வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு எங்களுக்காகவே எழுதியது. அழுக்குப் பெட்டியின் சாட்சி செல்லாது. தூசி அடைத்த பெட்டி எதையாவது உளறிவிடும் அல்லவா? அதனால் மாதம் ஒருமுறை என்னைப் போல ஒருத்தி வீட்டுக்குப் போய்க் கழுவி, வடிகட்டியை மாற்றி, போட்டோ எடுத்து, செயலியில் 'சுத்தம்' என்று டிக் போட வேண்டும். என் டிக் இருந்தால்தான் பெட்டியின் பேச்சு சபையில் ஏறும்.

இந்த வேலைக்கு வந்த பிறகு மனித குலத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது. சொல்வது மூன்றே விஷயம்தான். மாஸ்க்கைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயை நிழலில் தொங்கவிடுங்கள். தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். இதில் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்கிற வீட்டுக்குக் கோயில் கட்டலாம். ஒருவர் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தொட்டி முழுக்கச் சுண்ணாம்பு படிய வைத்திருந்தார். இன்னொருவர் சளிக்கு நல்லது என்று நீலகிரித் தைலத்தை ஊற்றிவிட்டு, பெட்டி தன்னை விடிய விடிய அழ வைத்ததாகப் புகார் எழுதினார். சித்தாபுதூரில் ஒரு அம்மா பாத்திர சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து மாஸ்க்கையே ஓட்டையாக்கிவிட்டார். திருநீறு பூசிக்கொண்டு படுக்கிறவர்களின் வடிகட்டியைத் தட்டினால் ஒரு சின்ன டப்பா நிறையும்.

விதிவிலக்கு, சரவணம்பட்டி கிருஷ்ணவேணி டீச்சர். அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொன்பது வயது. அவர் மாஸ்க் என் வீட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருக்கும். இருந்தாலும் ஒவ்வொரு மாதமும் நான் அதை மறுபடி கழுவுவேன், அவர் பக்கத்தில் நின்று குறை சொல்வார், அப்புறம் காபி தருவார். இந்த மாத முதல் வாரத்தில், நான் கழுவிவிட்டு வந்த இரண்டாம் நாள், தூக்கத்திலேயே போய்விட்டார். பெட்டிதான் சொன்னது, சரியாகவே சொன்னது. கனடாவிலிருந்து மகன் பிரபாகர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு நாள் இருந்தார். பெட்டியை எடுக்கக் கம்பெனி ஆள் வரும்போது திறந்துவிடச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தச் சாவி இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது.

தண்டபாணி அண்ணன் வீட்டுக்கு நான் போனபோது வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பின்பக்கம் அவருடைய லேத் பட்டறை. அங்கே வேலை செய்கிறவர்கள் செய்தி பார்த்து மாலையோடு வந்துவிட்டார்கள். செத்தவரே கதவைத் திறந்ததும் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பைக் கண்ணாடியில் மாட்டியிருந்தார்கள்.

அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. கழுத்து என்று ஒன்று அவருக்கு உண்டு என்பதை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். பெட்டி வருவதற்கு முன்னால் அவர் மூச்சு மணிக்கு ஐம்பத்திரண்டு முறை நிற்கும். பகலில் நின்றபடியே தூங்குவார். ஒருமுறை ஓடுகிற லேத்தின் முன்னால் தூங்கி, இடது கட்டைவிரலில் பாதியைக் கொடுத்துவிட்டு எழுந்தார். பெட்டி வந்த பிறகுதான் மனுஷன் சினிமாவுக்குப் போய்க் கதை தெரிந்து திரும்பினார். இருதயமும் வீங்கியிருப்பதால், ஒரு நாள்கூட பெட்டி இல்லாமல் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கூடத்தில் பூஜைப் பலகை. கிரைண்டர், மிக்சி, தையல் மிஷின், அரிவாள்மனை, பட்டறையின் அளவுகோல்கள். நடுவில் சாமி படத்துக்கு நேர் கீழே மூச்சுப்பெட்டி. தலையில் சந்தனம், குங்குமம். குழாயைச் சுற்றிச் செண்டுமல்லி மாலை. மாஸ்க்கின் நெற்றிப் பட்டையில் மூன்று கோடு திருநீறு. பக்கத்தில் அணைந்துபோன சாம்பிராணித் தூபக்கால். பெட்டியின் திரையில் கூப்பிய இரண்டு கைகளும் ஒரு விளக்கும் தெரிந்தன. பூஜைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது பெட்டி தானாகப் போட்ட இரங்கல் படம்.

அண்ணன் மனைவி பூங்கொடி அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எல்லா மிஷினுக்கும் வெச்சேன் செலினு. அரைக்கிற மிஷினுக்கு வெக்கறோம், தெக்கிற மிஷினுக்கு வெக்கறோம். என்ற வீட்டுக்காரரு உசுரக் காப்பாத்தற மிஷினுக்கு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்?"

"பூஜை முடிஞ்சதும் எடுத்து மாட்டிவிட்டிருக்கலாமேக்கா?"

"ஆயுத பூஜையில வெச்சத அன்னிக்கே எடுத்துப் பொழங்கக் கூடாது புள்ள. மறு பூஜை முடிஞ்சுதான் எடுக்கோணும். ஒரு ராத்திரிதானேன்னு இவியளச் சாய்வு நாக்காலியில உக்காந்தே தூங்கச் சொன்னேன். நானே கொன்னு போட்டனே!"

"நான் இங்கதான் நிக்கறேன்" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்க நீங்க" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நேத்து நீ வருவேன்னு பொரி எடுத்து வெச்சிருந்தேன். வல்லையே. இரு, கொண்டாறேன்."

பொரி, கடலை, அவல், வெல்லம் போட்டு ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். நான் வாங்கிக்கொண்டேன். தின்றேன். இங்கேதான் என் கதை கொஞ்சம் நாற ஆரம்பிக்கிறது.

முந்தைய நாள் என் பட்டியலில் ஐந்து வீடுகள். தண்டபாணி அண்ணன் வீடு மூன்றாவது. காலையில் ஸ்கூட்டரைப் பிரேக் பார்க்கக் கொடுத்திருந்தேன். பத்து மணிக்கு எடுக்கப் போனால், மெக்கானிக் அதற்குப் பொட்டு வைத்து, வரிசையில் பதினேழாவது வண்டியாக நிறுத்தியிருந்தார். "பூஜை முடியாம வண்டிய நகத்தக் கூடாதுங்க" என்றார். பூஜை செய்ய வேண்டியவர் மதியம் ஒன்றரைக்குத்தான் வந்தார். அதற்குள் நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே, ஐந்து வீட்டுக்கும் போன மாதப் போட்டோவை ஏற்றி, சுத்தம், சுத்தம் என்று ஐந்து டிக் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் சேர்த்துக் கழுவினால் போகிறது என்று நினைத்தேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. கையும் களவுமாகப் பிடிபடுகிற எல்லோருக்கும் அதுதான் முதல் தடவை.

ஆக, பெட்டியின் பார்வையில் அது அன்றைக்குத்தான் புதிதாகக் கழுவப்பட்ட பெட்டி. செலின் மேரி சத்தியம் செய்திருக்கிறாள். அதன் மேல் சந்தனமோ சாம்பலோ இருக்க வழியே இல்லை.

நான் ஒரு வரி சொன்னால் போதும். பெட்டியைக் கழுவவில்லை, டிக் பொய். அழுக்குப் பெட்டியின் சாட்சி செல்லாது, தண்டபாணி அண்ணன் அந்த நிமிடமே உயிரோடு வந்துவிடுவார். எனக்கு வேலை போகும், பொய்ச் சாட்சி என்று வழக்கும் வரலாம். நான் வாயில் பொரியைப் போட்டு அடைத்துக்கொண்டேன். வேறு வழி ஏதாவது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேறு வழி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பதிவகத்தின் உதவி எண்ணுக்கு அண்ணன் போன் செய்தார். பெயரைச் சொன்னதும், "மன்னிக்கவும், இறந்தவரின் பதிவு குறித்து இறந்தவருடன் பேச இயலாது. வாரிசைப் பேசச் சொல்லவும்" என்றது ஒரு இனிமையான குரல். பூங்கொடி அக்கா வாங்கிப் பேசினார். முதலில் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சனிக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். இறந்தவரையும் முடிந்தால் அழைத்து வரச் சொன்னார்கள்.

அதுவரை பெட்டி ஊதாது. பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் கைகூப்பியது. மாற்றுப் பெட்டி கேட்டேன். பெட்டி உயிரோடு இருப்பவர் பெயருக்குத்தான் வரும் என்றது கம்பெனி.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது அண்ணன் கண் இரண்டும் சிவந்து, வாய் பிளந்து நாற்காலியில் கிடந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, காதைக் கூர்மையாக்கி, அவர் தோளை ஒரு தட்டுத் தட்டினார். அண்ணன் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவர் மாதிரி ஒரு பெரிய மூச்சை இழுத்தார். அக்கா விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

"ராத்திரியெல்லாம் இப்படியேவாக்கா?"

"நின்னா தட்டுவேன். வந்தா உடுவேன். என்ன பெரிய வேல? ஆனா எனக்குக் கண்ணு சொருகிப் போச்சுன்னா யாரு தட்டுவா, அதுதான் பயம்" என்றார். "செஞ்ச பாவத்துக்கு அனுபவிக்கறேன் போ. நீ பொரி தின்னு."

அன்றும் தின்றேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மூச்சுப் பதிவகம். பதிவாளர் பெயர் லோகநாயகி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். இறந்தவருக்கு நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்ததும் அண்ணன் தலை தொங்கியது.

"பெட்டி தப்புப் பண்ணலைம்மா" என்றார் பதிவாளர், அக்காவிடம். "அதுக்குச் சாவுன்னா என்னன்னு எப்படிக் கத்துக் குடுத்தாங்க தெரியுமா? ஐந்நூறு எழவு வீட்டுக் காத்தப் புடிச்சுக் குடுத்தாங்க. சந்தனம், பூ, சாம்பிராணி, கற்பூரம், சாம்பல். தூங்கற நேரத்துல மூச்சும் இல்ல, உடம்புச் சூடும் இல்ல, சுத்தியும் இந்த வாசனை. நீங்களே சொல்லுங்க, வேற என்னன்னு நெனைக்கும்?"

"ஆயுத பூஜைன்னு நெனைக்கக் கூடாதா?"

"கத்துக் குடுத்தவங்களுக்கு ஆயுத பூஜை தெரியலையே." பதிவாளர் திரையைப் பார்த்தார். "மிஷின் அழுக்கா இருந்திருந்தா ஒரே நிமிஷத்துல ரத்து பண்ணிருவேன். ஆனா அன்னிக்குக் காலையிலதான் கழுவியிருக்காங்க. டிக் இருக்கு, போட்டோவும் இருக்கு. ரொம்ப நல்லாத்தான் கழுவியிருக்காங்க."

அக்கா அண்ணன் மூச்சைக் கேட்பதிலேயே இருந்தார், டிக் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப எங்கூட்டுக்காரரு?"

"நேரடிச் சோதனை ஒன்னு இருக்கு. இங்கயே படுத்துத் தூங்கணும். முழிச்சிருக்கற மூச்ச யாரு வேணா நடிக்கலாம், தூக்கத்து மூச்சுதான் கைரேகை மாதிரி. நாப்பது நிமிஷம் சோதனைப் பெட்டி கேக்கும். அது ஊதாது, கேக்க மட்டும்தான் செய்யும். யாரும் தொடக் கூடாது, எழுப்பக் கூடாது. தொட்டா சோதனை செல்லாது, அப்புறம் அடுத்த தேதி அடுத்த மாசம்தான்."

ஊதாமல் கேட்டால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அண்ணனோ "தூங்கணும், அவ்வளவுதானுங்களா?" என்று ஆசையாகக் கட்டிலில் ஏறினார். தலை தலையணையில் படுவதற்கு முன்பே குறட்டை கிளம்பிவிட்டது. நான்கு மேசை தள்ளி இருந்த ஊழியர் ஜன்னல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. சோதனைப் பெட்டி பச்சையாக எரிந்தது. பிறகு மூச்சு நின்றது. முப்பது வினாடி. மூலையில் இருந்த பிரிண்டர் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பியது: 'இறப்பு, 11.19'. உடனே அண்ணன் ஒரு கர்ஜனையோடு மூச்சை இழுத்தார். இன்னொரு சீட்டு: 'திருத்தம், உயிருடன், 11.20'. அடுத்த கால்மணி நேரத்தில் அவர் ஏழு முறை செத்து ஏழு முறை எழுந்தார். ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒருவர் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்க முயன்று, எல்லாம் ஒரே தேதி என்று கைவிட்டார். எனக்கே சிரிப்பு வந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

பூங்கொடி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை நின்றபோதும் அவர் கை தானாக எழுந்தது. ஒவ்வொரு முறையும் பதிவாளர் "அம்மா" என்றார். கை கீழே இறங்கியது.

எட்டாவது முறை நின்றது. சீட்டு வந்தது. அடுத்த சீட்டு வரவில்லை.

அக்கா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். "முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது..." வேட்டி கட்டிய அந்தப் பெரிய வயிறு அசையவே இல்லை. "நாப்பத்தாறு..." உதடு நீலம் பாய்ந்தது. அக்காவின் கை அவர் தோளுக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. தொட்டால் இன்னும் ஒரு மாதம். தொடாவிட்டால்? அந்தக் கணக்கை அவர் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"மிஷின் சுத்தமா இல்லீங்க!" என்று கத்தினேன். "நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்ல. டிக் பொய்!"

கத்திக்கொண்டே ஓடி அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். அவர் ஒரு பெரிய மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து, "பஸ் வந்துருச்சா?" என்றார்.

சர்ச்சில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டில்கூட நான் இப்படி மளமளவென்று கொட்டியதில்லை. ஸ்கூட்டர், மெக்கானிக், பதினேழாவது வண்டி, சுண்டல், போன மாதப் போட்டோ எல்லாவற்றையும் சொன்னேன். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

"ஒரு டிக் பொய்னா அந்த மாசத்துல நீங்க போட்ட டிக் எல்லாமே பொய்யின்னுதான் சட்டம் எடுத்துக்கும். யோசிச்சு எழுதுங்க."

வேலைதான் போகப் போகிறது, ஒரு டிக்குக்காகப் போனால் என்ன, எல்லா டிக்குக்காகவும் போனால் என்ன என்று நினைத்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவாளர் ஒரு பொத்தானை அமுக்கினார். பையில் வைத்துக் கொண்டுவந்திருந்த அண்ணனின் பெட்டியில் கூப்பிய கைகள் மறைந்தன. "வணக்கம், தண்டபாணி. மாஸ்க்கைக் கழுவி ஒரு மாதம் ஆகிறது" என்று வந்தது.

கழுவினேன். அலுவலகத்துக் குழாயடியில், கெட்டிலில் இருந்த தண்ணீரை வெதுவெதுப்பாக விளாவி, என் பையில் இருந்த குழந்தை சோப்பைப் போட்டு, சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, மடிப்புக்குள் புகுந்திருந்த குங்குமத்தை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன். வடிகட்டியைத் தட்டினேன், திருநீறு கொட்டியது. புதிது மாற்றினேன். தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினேன். மூன்று வருடத்தில் எந்தப் பெட்டியையும் நான் அவ்வளவு ஒழுங்காகக் கழுவியதில்லை.

பதிவாளர் அந்தக் கட்டிலிலேயே படுக்கவிட்டார். மாஸ்க்கை மாட்டியதும் பெட்டி மெதுவாக ஊத ஆரம்பித்தது. குறட்டை அடங்கியது. வயிறு ஏறி இறங்கியது, நிற்கவே இல்லை. பூங்கொடி அக்கா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மூணு நாளா நாந்தான் கொன்னேன்னு அழுதுட்டுக் கெடந்தேன்" என்றார். "நீ பக்கத்துல உக்காந்து பொரி தின்னியே புள்ள."

"அக்கா..."

"பேசாத. நான் இன்னும் திட்டி முடிக்கல."

தொடர்ந்து திட்டினார். நன்றி கெட்டவ என்றார், கல்நெஞ்சுக்காரி என்றார், இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்றார். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனது. ஏதோ ஒரு திட்டின் பாதியில் தலை என் தோளில் சாய்ந்தது. லேசாகக் குறட்டை வந்தது. நான் அசையாமல் உட்கார்ந்து அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நிற்காமல்தான் வந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கையை எடுத்தால் அவர் விழித்துவிடுவார் என்று அப்படியே விட்டேன்.

மூன்று மணிவாக்கில் பதிவாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செலின், இந்த மாசம் உங்க ஏரியாவுல மொத்தம் நாலு இறப்பு. நாலும் உங்க டிக் உள்ள பெட்டி சொன்னது."

"ஆமாங்க."

"நாலும் ரத்தாயிருச்சு. சிஸ்டம் தானாவே பண்ணிருச்சு. நிறுத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. திருப்பிப் பதிய ஒரு மாசம் ஆகும்."

எங்கள் வேதத்தில் மூன்றாம் நாள் ஒருவர்தான் உயிர்த்தெழுந்தார். என் ஏரியாவில் நான்கு பேர். அதில் தண்டபாணி அண்ணன் ஒருவர்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

என் போன் அதிர்ந்தது. கனடா எண். அங்கே இன்னும் விடிந்திருக்காது. அக்காவின் தலையை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து எடுத்தேன்.

"செலின்மா, நான் பிரபாகர். கிருஷ்ணவேணி டீச்சர் பையன்." அவர் குரல் சரியாக இல்லை. "ஒரு மெசேஜ் வந்திருக்கு. 'மகிழ்ச்சியான செய்தி. உங்கள் தாயார் உயிருடன் இருக்கிறார்'னு."

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பூஜை, டிக், சட்டம் எல்லாம். உங்கள் அம்மாவின் பெட்டியை நான் நிஜமாகவே கழுவினேன், அந்த டிக் பொய்யில்லை, ஆனால் பொய்யோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

"புரியுது. மெஷின் தப்புதான். எனக்குத் தெரியும்" என்றார். அவர் மூச்சு மட்டும் கேட்டது. "சாவி உங்ககிட்டதானே இருக்கு? ஒரே ஒரு தடவ வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்றீங்களா?"

கைப்பைக்குள் சாவி இருந்தது. ஸ்கூட்டர் வெளியே நின்றது, முகப்பு விளக்கில் மெக்கானிக் வைத்த சந்தனம் காய்ந்தும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதோ கிளம்பிட்டேன் சார். பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.